எதிர்வீட்டு அக்காவின் இறால் தொட்டி

டாக்டர் சொன்னதால்தான் எதிர்வீட்டு அக்கா இறால் வளர்க்க ஆரம்பித்தார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டில் நாலு மீன் வாங்கி விட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், மனசு அமைதியாகும் என்றாராம் அந்த டாக்டர். அக்காவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கின்றனவா என்று நடுவில் மெல்லிய தாளை வைத்துப் பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறார். அங்கே அவருக்கு ‘சுடுதண்ணி’ என்று பட்டப்பெயர். ஒருமுறை விரிசல் விட்ட பல்செட் ஒன்றை முதலாளி பூசி மெழுகிப் பளபளப்பாக்கி அனுப்பிவிட்டார். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து அந்த டாக்டரிடமே போய், “இதைக் கொடுத்துடுங்க, இது வாய்க்குள்ள உடையும்” என்று சொல்லித் திரும்ப வாங்கிவந்துவிட்டார். முதலாளி ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அந்தக் கையை இழக்க அவருக்குத் துணிச்சல் கிடையாது.

அக்காவின் வீட்டுக்காரர் நேர் எதிர். மின்சாமான் கடையில் விற்பனையாளர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்றுதான் எங்கள் கட்டடத்தில் அவரைச் சொல்வோம். அவருடைய அண்ணன் தரைத்தளத்தில் குடியிருந்தார். ஓய்வுபெற்ற அலுவலர், எங்கள் பதினாறு வீடுகளுக்கும் செக்ரட்டரி. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அந்த அண்ணன்தான். அதனால் அண்ணன் நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். அக்காவுக்கு அதுவே பாதி ரத்த அழுத்தம்.

மகள் கல்யாணமாகி வெளியூர் போனபின் வீட்டில் இரண்டே பேர். பெரிய தொட்டிக்கு இடமில்லை, மீன் வேண்டாம் என்று முடிவுசெய்து, கடையில் பார்த்த சிவப்புக் குட்டி இறாலைத்தான் அக்கா தேர்ந்தெடுத்தார். விரல்நகம் அளவுதான் இருக்கும். முன்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எதையாவது பொறுக்கித் தின்றுகொண்டே இருக்கும். “வேலை செய்யுற ஜாதி” என்றார் அக்கா. அது அவருக்குப் பிடித்துவிட்டது.

வண்ணமீன் கடைக்காரர் நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, கறுப்பு மணல், காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார், பஞ்சு வடிகட்டி, ஒரு கொத்துப் பாசி, கூடவே பிளாஸ்டிக் பையில் பதினைந்து இறால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிக் கொடுத்தார்.

“தண்ணிய ஊத்தி, குளோரின் போக ரெண்டு சொட்டு மருந்து விட்டு, இன்னைக்கே விட்டுடலாம் மேடம். ஒண்ணும் ஆகாது.”

நாலாம் நாள் பதினைந்தும் செத்துப்போயின. சிவப்பாக இருந்தவை வேகவைத்ததுபோல வெளிறி, மணல்மேல் பக்கவாட்டில் கிடந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நானும் ஏதோ வாங்க வேண்டியிருந்ததால் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பாதி வழியிலேயே தோன்றியது.

பாட்டிலைக் கல்லாமேல் வைத்தார்.

“இது என்ன?”

கடைக்காரர் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல போல மேடம்” என்றார்.

“என் வீட்டுத் தண்ணிய நீங்க பாத்தீங்களா?”

“இல்ல, பொதுவா சொல்றேன்.”

“பொதுவா சொல்லாதீங்க. பதினஞ்சு உசுரு. எதனால செத்துச்சுன்னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.”

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“புதுத் தொட்டி பழகணும் மேடம். பழகாத தொட்டில விட்டா தாங்காது.”

“இதை அன்னைக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க. ஒன்றரை மாசம் வெறும் தண்ணிய வெச்சுப் பாத்துட்டு யாரு மேடம் உக்காந்திருப்பா?”

“நான் உக்காருவேன்” என்றார் அக்கா. “எப்படிப் பழக்கறதுன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும். இந்தத் தடவை காது குத்துனீங்கன்னா, இந்தப் பாட்டிலக் கொண்டாந்து வாசல்ல தொங்க விட்டுடுவேன்.”

அவர் சொன்னார். அக்கா கைப்பையிலிருந்து பல் அளவு குறிக்கும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து எனக்கும் விளக்கினார். தொட்டிக்குள் சேரும் கழிவும் மிச்ச உணவும் அழுகினால் அமோனியா உண்டாகும். அது இறாலுக்கு விஷம். அந்த அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிற ஒரு பாக்டீரியா இருக்கிறது. நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்று அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு பாக்டீரியா. இந்த இரண்டும் பஞ்சிலும் மணலிலும் தாமாக வளர்ந்து பெருக வேண்டும். அதற்கு இரை வேண்டும், காற்று வேண்டும், நாள் வேண்டும்.

“ஆக, முதல்ல விஷத்த உண்டாக்கணும்” என்றேன்.

“ஆமா. விஷம் இல்லாம விஷத்தத் தின்னுறவன் எப்படி வருவான்?”

சமையலுக்கு வாங்கிய இறாலில் ஒன்றை உரித்து, பழைய காலுறைத் துணியில் முடிந்து அக்கா அந்தத் தொட்டிக்குள் தொங்கவிட்டார். ஐந்தாம் நாளிலிருந்து வீடு நாறியது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனியில் சாப்பிட்டார். செக்ரட்டரி ஒருநாள் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பொணத்த வெச்சுக் காவல் காக்குறியா?” என்று சிரித்தார். அக்கா சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, குலுக்கிக்கொண்டிருந்தார்.

அமோனியாக் குழாய் முதலில் மஞ்சளாக இருந்து, பிறகு பச்சை, கரும்பச்சை என்று ஏறியது. மூன்றாவது வாரம் நைட்ரைட் குழாய் இளநீலத்திலிருந்து அடர்ந்த ஊதாவுக்குப் போனது. அங்கேயே நின்றது. பத்து நாள் ஊதா. அக்கா ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகும் முன் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டுவார். கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்தது. துணி முடிச்சில் வெள்ளையாக ஏதோ பூஞ்சைபோலப் படர்ந்தது. “இந்த வீட்ல எனக்குப் பயந்து நடக்காதது இந்தத் தண்ணி ஒண்ணுதான்” என்று ஒருநாள் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார், ஆனாலும் நான் சிரித்துவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள் அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, நைட்ரேட் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. அக்கா பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு இன்னும் ஒரு வாரம் காத்திருந்தார். அதன்பிறகுதான் கடைக்குப் போனார். கடைக்காரர் இருபது இறாலை அவரே பொறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அக்கா பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச்சொட்டாக அதற்குள் இறக்கி, இரண்டு மணிநேரம் பொறுத்து, வலையில் எடுத்து விட்டார்.

ஒரு வாரத்தில் ஒரு இறால் கண்ணாடிபோல வெளிறிக் கிடந்ததைப் பார்த்து வீட்டுக்காரர் பதறிவிட்டார். “இங்க பாரு, ஒண்ணு போயிடுச்சு!” அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு, “அது சட்டை. உரிச்சுப் போட்டிருக்கு. உள்ள இருந்தவன் அங்க திங்குறான் பாருங்க” என்றார். அன்றைக்கு இருவரும் தொட்டி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். ரத்த அழுத்தம் உண்மையாகவே குறைந்திருந்ததாம். டாக்டர் தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டாராம்.

மூன்று மாதத்தில் அறுபதுக்கு மேல் ஆயின. பெண் இறாலின் முதுகில் முதலில் மஞ்சளாக ஒரு சேணம்போலத் தெரியும். பிறகு அந்த முட்டைகள் வயிற்றுக்கடியில் இறங்கிவிடும். ஒரு மாதம் அது அவற்றைக் கால்களால் விசிறிக்கொண்டே திரியும். குஞ்சுகள் வரும்போதே முழு இறாலின் வடிவத்தில், ஊசிமுனை அளவில் வரும். அக்கா பல்கூடத்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து எண்ணுவார்.

பிறகு அந்த வாரம் வந்தது.

திங்கட்கிழமை என் மகள் பள்ளியிலிருந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, “அம்மா, தண்ணி காச நக்கின மாதிரி இருக்கு” என்றாள். ஆறு வயது. எதையாவது சாக்குச் சொல்லித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவளுக்கு வழக்கம். “பேசாம குடி” என்று அதட்டிக் குடிக்க வைத்தேன். என் கையாலேயே டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. மறுநாள் அவள் வாந்தி எடுத்தாள். முதல் மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே. டாக்டர் வயிற்றில் கிருமி என்று மருந்து கொடுத்தார்.

புதன்கிழமை அக்கா வழக்கம்போலத் தொட்டியில் கால்பங்கு தண்ணீர் மாற்றினார். வழக்கம்போல முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர்தான். வியாழக்கிழமை காலை என் வீட்டுக் கதவை இடித்தார்.

“வந்து பாரு.”

இறால்கள் துள்ளித் துள்ளிக் கண்ணாடியில் மோதின. சில மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. முட்டை சுமந்த ஒன்று முட்டைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மோட்டார் மூலையில் ஒண்டிக் கிடந்தது. மணல்மேல் பாதிக்குமேல் அசைவில்லை. அக்கா இரவு உடுத்திய உடுப்போடு, தலைகூட முடியாமல், சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்திருந்தார். அமோனியா இல்லை. நைட்ரைட் இல்லை.

“எல்லாம் சரியா இருக்கு. எல்லாம் சரியா இருந்தா எப்படிச் சாகும்?” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை. வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்குக் கிளம்பும்போது, “விடும்மா, வேற வாங்கிக்கலாம்” என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சாவியைக்கூட மறந்துவிட்டு இறங்கிப்போனார்.

உயிரோடு இருந்த பதினொன்றை அக்கா ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டார். பல்கூடத்துக்குப் போய் அங்கிருந்த தண்ணீரைப் பிடித்து, குளோரின் மருந்து விட்டு, அதே சொட்டுக் குழாய் முறையில் மெல்ல மெல்ல மாற்றினார். வேலை மேசையில் பல் அச்சுகளுக்கு நடுவே ஜாடி இருந்தது. யாரும் வாய் திறக்கவில்லையாம்.

சனிக்கிழமை கடைக்குப் போனார். இந்தமுறை கடைக்காரர் பின்வாங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தண்ணி மாத்தின மறுநாளா? துள்ளிச்சா?” என்று கேட்டார். பிறகு, “அக்கா, உங்க தண்ணில செம்பு இருக்கான்னு பாத்தீங்களா?” என்றார். மீனுக்கு வரும் பூச்சி நோய்க்கு அவர் விற்கிற மருந்தில் செம்பு உண்டு. அதை வாங்க வருகிற எவரிடமும் இறால் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாராம். மீன் தாங்கும், இறால் தாங்காது. குளோரின் வாளியில் வைத்தால் பறந்துபோகும், செம்பு போகாது.

அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதிலிருக்கும் மருந்தைச் சொட்டினால், செம்பு கலந்த தண்ணீர் நீலமாகும்.

அக்கா வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயில் பிடித்துப் பார்த்தார். நீலம். என் வீட்டில் பிடித்தார். நீலம். முதல் மாடியில் பிடித்தார். நீலம். பெட்டியில் இருந்த வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய நீலம்.  அக்கா என் பக்கம் திரும்பி, “பிள்ளைக்கு இந்தத் தண்ணியத்தானே குடுத்தே?” என்று கேட்டார். தலையசைத்தேன்.  அவர் நேராக மொட்டைமாடிக்குப் போனார்.

மேல்தொட்டியின் மூடி உடைந்து ஒரு வருடம் ஆகிறது. வெயில் பட்டு உள்ளே பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும், இறக்கிக் கழுவ வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவோம், கலைந்துவிடுவோம். அக்கா ஏணியில் ஏறிப் பார்த்தபோது பாசி வெளுத்துச் செத்துக் கிடந்தது. தொட்டி விளிம்பில் நீலக் கறை. ஏணிக்கடியில் கிழிந்த பொட்டலத் தாள், அதன் மடிப்பில் செம்பு கலந்த இரண்டு நீலக் கட்டிகள். மயில்துத்தம். அக்கா அதைக் கைக்குட்டையில் எடுத்து முடிந்துகொண்டார்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னார். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “எதுக்கு வம்பு? அண்ணன் காதுல மெதுவாப் போட்டுக்கலாம், நான் பேசறேன்” என்றார்.

“நீங்க பேச வேண்டாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கீழ எல்லாரும் வரணும், அதுவரைக்கும் குழாய்த் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் நிறுத்துமிடத்தில் கூடினோம். வராத வீடு ஒன்றிரண்டு. வண்ணமீன் கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அக்கா கூப்பிடவில்லை, அவராக வந்தார். ஒரு ஸ்கூட்டர் இருக்கைமேல் அக்கா மூன்று சோதனைக் குழாய்களை நிறுத்தினார். ஒன்று பல்கூடத்துத் தண்ணீர், ஒன்று எங்கள் வீட்டுக் குழாய், ஒன்று மேல்தொட்டி. சொட்டு விட்டார். முதல் குழாய் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் எல்லார் கண் முன்னாலும் நீலமாயின.

“அத்தான்,” என்றார் அக்கா செக்ரட்டரியைப் பார்த்து, “தொட்டில மயில்துத்தம் போட்டது யாரு?”

செக்ரட்டரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “நான்தாம்மா போடச் சொன்னேன். பாசிக்கு. குளத்துக்கெல்லாம் போடறதுதான். எல்லார் நல்லதுக்கும்தான் செஞ்சேன். அதுக்கு என்ன இப்போ?”

“குளத்துத் தண்ணிய நாம குழாயில புடிச்சுக் குடிக்கிறோமா?”

“ஏதோ நாலு பூச்சி செத்துப்போச்சுன்னு ஊரக் கூட்டி வெச்சுக் குடும்ப மானத்த வாங்குறியே.”

“பூச்சி செத்ததால நமக்குத் தெரிஞ்சுது. இல்லேன்னா இன்னும் குடிச்சுட்டு இருப்போம். மூணு பிள்ளைங்க ஒரு வாரமா வாந்தி எடுக்குது. அதுங்களும் பூச்சியா?”

  என் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு, அப்படியும் எனக்கு வாய் வரவில்லை. பெரிய மனிதர், வீட்டுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்கிறவர் என்று ஏதோ ஒரு மரியாதை தடுத்தது. கடைக்காரர்தான் வாய் திறந்தார். “ஐயா, இது மருந்துன்னா நானே விக்கிறேன். குடிக்கிற தண்ணில போடற பொருள் இல்ல இது.”

“நீ யாருய்யா நடுவுல?” என்று எழுந்தார் செக்ரட்டரி. முகம் சிவந்துவிட்டது. அக்காவை நோக்கி விரலை நீட்டினார். “என்னமோ என்ன மட்டும் கூண்டுல ஏத்துறியே. எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியுமா? கடைல போயி வாங்கியாந்து, மேல ஏறி, கரைச்சு ஊத்தினதே உன் வீட்டுக்காரன்தான். அவனக் கேளு!”

அக்கா மெதுவாகத் திரும்பினார். வீட்டுக்காரர் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“ஏங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“போன ஞாயித்துக்கிழமையா?”

தலை மட்டும் ஆடியது.

 எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மோட்டாரில் மண் வருகிறது என்று அவர் சொன்னதாக அக்காவே என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் ஒரு வாரமாக அக்கா நாக்குக்கு எதுவும் தெரியவில்லை.

“ஊத்தும்போதே தண்ணி நீலமா மாறியிருக்கும். பயந்துட்டீங்க. இல்ல?” குரல் உயரவே இல்லை. “பயந்து, நமக்கு மட்டும் கேன் வாங்கிப் போட்டீங்க.”

“அண்ணன் ரெண்டு நாள்ல சரியாயிடும்னாரு... யார்கிட்டயும் சொல்லாத, பயந்துடுவாங்கன்னாரு...”

“நமக்குக் கேன் தண்ணி. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு?”

அவர் என்னைப் பார்க்க முயன்று, முடியாமல் மறுபடியும் குனிந்துகொண்டார்.

“நான் வியாழக்கிழமை தலையில அடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அந்த வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தொட்டியத் திறந்து விட்டிருப்பேன். மூணு நாள். மூணு நாள் இந்தப் பிள்ளைங்க அதக் குடிச்சிருக்கு.”

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. “தொட்டிய இப்பவே திறந்து விடுங்க” என்று கத்தியது மட்டும் தெரியும். முதல் மாடி அம்மாவும் கத்தினார். அதன்பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். செக்ரட்டரி நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, “இனிமே நீங்களே பாத்துக்கோங்க, எனக்கு வேண்டாம் இந்தப் பொறுப்பு” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மத்தியானத்துக்குள் தொட்டியைத் திறந்துவிட்டோம். அக்காவின் வீட்டுக்காரர்தான் உள்ளே இறங்கித் தேய்த்தார். யாரும் கைகொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும் இரண்டுமுறை நிரப்பி, இரண்டுமுறை கீழே விட்டு, அக்கா சோதித்து நீலம் வராத பிறகுதான் குழாய்களைத் திறந்தோம். பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லி ரத்தம் பார்த்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்காவின் வீட்டுக்காரர் நின்றார். பின்னால், இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு அக்கா.

“நான்தான் ஊத்தினேன்,” என்றார் அவர். “தப்புன்னு தெரிஞ்சும் சொல்லல. மன்னிச்சுடுங்க.”

 என் மகள் காலடியில் வந்து நின்று, “மாமா, நீங்களா தண்ணில மருந்து போட்டீங்க?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போனார். பதினாறு வீடுகளில் தம் வீடும் அண்ணன் வீடும் போகப் பதினாலு வீட்டுக்கும் அக்கா அவரை அப்படி அழைத்துப் போனார். ஒரு வீட்டில்கூட அவருக்காக அக்கா ஒரு சொல் பேசவில்லை.

அக்காவின் ஓரகத்தி, அந்தச் செக்ரட்டரியின் மனைவி மட்டும் ஒருநாள் படியில் மறித்து, “அண்ணன் தம்பிய இப்படிப் பிரிச்சுட்டியே, திருப்தியா?” என்று கேட்டாராம். “மயில்துத்தத்த நான் வாங்கலையே அக்கா” என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்துவிட்டாராம் இவர்.

அக்கா தொட்டியைக் கவிழ்த்தார். மணலையும் பஞ்சையும் தூக்கி எறிந்தார், செம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று. கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, புதுமணல் பரப்பி, புதுப்பஞ்சு வைத்து, மறுபடியும் வெறும் தண்ணீர். மறுபடியும் காலுறைத் துணியில் ஒரு இறால். இந்தமுறை வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தவில்லை. வாரம் இரண்டுமுறை பல்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போய் இரண்டு கேன் தண்ணீர் பிடித்து, மூன்று மாடி தூக்கிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பேச்சே இல்லை. குமிழிச் சத்தம் மட்டும் என் வீடுவரை கேட்கும்.

ஐந்து வாரம் அப்படி. ஒருநாள் காலையில் அக்காவின் குரல் கேட்டது. “அந்தக் கேன நேரா வெயில்ல வெச்சா தண்ணி சூடாகாதா? மூள இருக்கா இல்லையா?” நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். திட்டுதான், ஆனால் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்ன திட்டு. அவர் கேனை நிழலுக்கு நகர்த்துகிற சத்தமும் கேட்டது.

ஜாடியிலிருந்த பதினொன்றில் ஒன்பது தப்பின. அவற்றைப் புதுத் தொட்டியில் விட்டபோது கடைக்காரர் இன்னும் பத்து கொண்டுவந்து கொடுத்தார். இப்போது எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. உபரியை அவர் கடையிலேயே வாங்கிக்கொள்கிறார். வாங்க வருகிறவர்களிடம், தொட்டி பழகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருக்கிறார். அக்கா மாதம் ஒருமுறை, வாங்க வந்தவர்போல யாரையாவது அனுப்பிச் சோதிக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. போன மாதம் போனது நான்தான்.

மேல்தொட்டிக்குப் புதுமூடி போட்டாயிற்று. செக்ரட்டரி வேலை இப்போது முதல் மாடி அம்மாவிடம். பழைய செக்ரட்டரி படியில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பி மட்டும் வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அக்கா அதைத் தடுப்பதில்லை, கூடப் போவதும் இல்லை.

வீட்டுக்காரரை மன்னித்துவிட்டீர்களா என்று ஒருநாள் கேட்டேன். அக்கா சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்க மன்னிச்சேன்? இன்னும் எரியுது. ஆனா இப்போ எதையும் மறைக்கிறதில்ல. அதுவே ஒரு தொல்லையாப் போச்சு. நேத்து மத்தியானம் வேலை நேரத்துல போன் பண்றாரு. நான் பதறிப்போய் எடுத்தா, ‘சக்கர டப்பா மூடிய உடைச்சுட்டேன், உனக்குத் தெரியணும்’ங்கறாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“திட்டினேன்” என்றார் அக்கா. “நல்லாத் திட்டிட்டுத்தான் வெச்சேன்.”